மைமூன் பேசிய மாதங்கள்

ஜெயபாய் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி இராஜபாளையத்துக்கு வருவது குழந்தைகளை அளக்க. உயரம், எடை பார்த்தபின் கலர் கட்டைகளை நீட்டி, பிள்ளை என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்று கவனிப்பாள். முதல் மூன்று வயதில் ஒரு குழந்தைக்குக் கிடைப்பதை வைத்துத்தான் நாடே வளரும் என்று நிரூபிக்க, வெளிநாட்டுப் பணத்தில் 1992இல் தொடங்கிய ஆராய்ச்சி அது. ஜெயபாய் அதை மனதார நம்பினாள்.

அசீனாவின் மகள் மைமூனுக்கு இரண்டு வயது நெருங்கியும் ஒரு சொல் வரவில்லை. காதில் குறையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் இறந்தபின் அசீனா பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக்கு வேலைக்குப் போனாள். மைமூன் நாள் முழுக்கத் தறிக்குப் பக்கத்தில் தொட்டிலில் கிடந்தாள்.

"நீ பேசப் பேசத்தான் பிள்ளைக்குப் பேச்சு வரும், அசீனா."

"தறி ஓடும்போது நான் பேசுறது எனக்கே கேக்காது டீச்சர். வீட்டுக்கு வந்து சோத்தப் பொங்குனதும் கண்ணு சொருகிரும்."

"அரைநாள் வேலை கேட்டுப் பாரேன். இந்த வயசு போனா திரும்பாது."

அந்தக் கடைசிச் சொல்லில் அசீனா பயந்துபோனாள். முதலாளியிடம் கெஞ்சி, மத்தியானத்தோடு வீடு திரும்பினாள். ஒருவேளைச் சோறு குறைந்தது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவில் போகிற ஆட்டையும் பால்காரரையும் காட்டிப் பேசிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் மைமூன் "ஆது" என்றாள். பிறகு "ம்மா" என்றாள். ஜெயபாய்க்கு அழுகையே வந்துவிட்டது. ஆராய்ச்சியின் தலைவர் பரிபூரணம் வெளிநாட்டவர் இருவரை அழைத்து வந்து காட்டினார். அசீனா வெட்கத்தோடு போட்டோவுக்கு நின்றாள்.

சில மாதங்களில், அரைநாள் ஆளை வைத்துத் தறி ஓட்ட முடியாது என்று முதலாளி வேறொருத்தியைப் போட்டுக்கொண்டார்.

ஜெயபாய் பரிபூரணத்திடம் ஓடினாள். "தறி ஓடுற இடத்துல பிள்ளைகளப் பாத்துக்க ஒரு ஆள் போட்டாப் போதும் சார்."

"கண்டுபிடிச்சுச் சொல்றதுதாம்மா நம்ம வேலை. செய்ய வேண்டியது அரசாங்கம். அடுத்த வருஷ மாநாட்டுல அழுத்தமாச் சொல்லுவோம்."

"அதுக்குள்ள மைமூனுக்கு மூணு வயசு முடிஞ்சிருமே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதரில்லை.

அசீனா துணி வெளுக்கும் பட்டறையில் சேர்ந்தாள். மருந்துத் தண்ணீர் கொதிக்கும் இடம். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். அடுத்த முறை ஜெயபாய் வந்தபோது கதவு வெளியே பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அடுப்புப் பக்கம் போகாதபடி, கணுக்காலில் பேண்டேஜ் துணி சுற்றி, மைமூனைக் கட்டில் காலில் கட்டியிருந்தது. ஜெயபாய் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. வாய் திறக்கவில்லை.

அசீனா வரும்வரை வாசலிலேயே நின்றாள்.

"தறிக்கிட்ட கெடந்தாலும் எங்கண்ணு முன்னால கெடந்தா," என்றாள் அசீனா, பூட்டைத் திறந்தபடி. "ஒங்க மேல கோவமில்ல டீச்சர். நீங்க சொன்னது நெசந்தான். நெசம்னு தெரிஞ்சும் ஒண்ணும் செய்ய முடியலையே, அதான் தாங்கல. தெரியாமலே இருந்திருக்கலாம்."

ஜெயபாய் முடிச்சை அவிழ்த்துப் பிள்ளையைத் தூக்கினாள். மைமூன் அழவுமில்லை, கழுத்தைக் கட்டிக்கொள்ளவுமில்லை.

அந்த வருஷத்தோடு ஆராய்ச்சி முடிந்தது. மறுவருஷம் ஜெயபாய் தானாகவே ஒருமுறை வந்தாள். அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அசீனா திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி சொன்னாள்.

"பிள்ள பேசுச்சா?"

முத்துப்பேச்சி அவளை விநோதமாகப் பார்த்தாள். "அது ஊமைப் பிள்ளைல்லா?"