பிறந்தநாள் நாற்காலியில் ஒரு நினைவு நாள்

1.

இந்தக் கதையை நானாக எழுதவில்லை. எழுதச் சொன்னார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நீங்களே கண்டுபிடித்து, என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகப் பெருமைப்பட வேண்டாம்.

எழுதச் சொன்னவர் ராமகிருஷ்ணன். திருவண்ணாமலையிலிருந்து அடி அண்ணாமலைக்குப் போகும் வழியில், அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகள் தங்கிப் படிக்கும் சிறப்புப் பள்ளி ஒன்று இருக்கிறது. அதன் செயலாளர். பள்ளியின் ஆண்டு மலருக்கு ஒரு கதை வேண்டும் என்றார். போன வருடம் எனக்கு ஒரு விருது கிடைத்தது. (எந்த விருது என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்லிவிடுவேன்.) அந்த மகிழ்ச்சியில் அந்தப் பள்ளியில் ஒரு நாள் மதியச் சாப்பாடு போட்டேன். இந்த ஊரில் சந்தோஷம் வந்தாலும் துக்கம் வந்தாலும் யாருக்காவது சோறு போட்டால்தான் மனசு ஆறும். கிரிவலப் பாதை நெடுக சாமியார்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்தான். ஆனால் அவர்கள் கைதட்டிப் பாட மாட்டார்கள். பிள்ளைகள் பாடுவார்கள்.

அன்று என்னைச் சிவப்பு வெல்வெட் நாற்காலி ஒன்றில் உட்காரவைத்தார்கள். தென்றல் என்ற பெண் வந்து நெற்றியில் சந்தனம் வைத்து, ஹேப்பி பர்த்டே பாடினாள். இன்றைக்கு எனக்குப் பிறந்தநாள் இல்லை, விருது கிடைத்திருக்கிறது என்று விளக்கினேன். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. கேசரியில் ஒரு விள்ளல் எடுத்து என் வாயில் திணித்து, "நூறு வருசம் நல்லா இருக்கணும்" என்றாள். நானும் மென்று விழுங்கிவிட்டேன். விருது கொடுத்தவர்கள்கூட இவ்வளவு உறுதியாக என்னை வாழ்த்தவில்லை.

ராமகிருஷ்ணன் கேட்ட கதை இதுதான்: "படிச்சா கண்ணுல தண்ணி வரணும் சார். ஆனா ஜாஸ்தி வேணாம். முடிவு நல்லபடியா இருக்கணும். மலர் கலர்ல வருது."

2.

தொடக்கம் ஒன்று:

"அருணை மலையின் அடிவாரத்தில், கள்ளமில்லாச் சிரிப்போடு ஒரு தெய்வக் குழந்தை —"

[நிறுத்து. தென்றலுக்குப் பதினேழு முடியப்போகிறது. குழந்தை இல்லை. தெய்வமும் இல்லை. தெய்வம் என்று சொல்லிவிட்டால் கும்பிட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.]

தொடக்கம் இரண்டு:

"காலை மணி அடித்தது. பிள்ளைகள் பல் துலக்க வரிசையில் —"

[இது பரவாயில்லை. ஆனால் இங்கே நிறுத்தினால், பல் துலக்குவது அந்தப் பள்ளியில் ஒரு பாடம் என்பது உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். பொத்தான் போடுவது இன்னொரு பாடம். ஒரு பலகையில் பழைய சட்டையை ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை மாதக்கணக்கில் ஒரே பொத்தானோடு மல்லுக்கட்டி, ஒரு நாள் போட்டுவிடும். அன்றைக்கு ஆசிரியைகள் கைதட்டுவார்கள். அதற்கு யாரும் கேக் வாங்கி வருவதில்லை.]

பொத்தானுக்குப் பிறகு உடற்பயிற்சி. பிறகு பெரிய பிள்ளைகள் பேப்பர் கவர் ஒட்டுவார்கள். பிறகு விருந்தாளிகள். கல்யாண நாள், பேரனுக்கு மொட்டை, மகனுக்கு அமெரிக்க விசா என்று தினமும் யாராவது சோற்றோடு வந்து இறங்குவார்கள். பௌர்ணமி என்றால் மூன்று குடும்பம் மூன்று அண்டா சர்க்கரைப் பொங்கலோடு வரும். பிள்ளைகள் தயிர்சாதத்துக்கு ஏங்குவார்கள்.

(இந்தப் பத்தியை நன்கொடையாளர் மனம் புண்படும் என்று ராமகிருஷ்ணன் அடித்துவிட்டார். நான் மறுபடி சேர்த்திருக்கிறேன். மலரில் யார் படம் பெரிதாக வருகிறது, யார் படம் சின்னதாக வருகிறது என்று பார்க்கவே அவருக்கு நேரம் போதாது. இன்னொரு முறை படிக்க மாட்டார்.)

3.

இப்போது அந்த நாற்காலி.

கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை உட்காரும் நாற்காலி அது. மண்டபத்துக்காரர்கள் புதிது வாங்கியதும் பழையதைப் பள்ளிக்குத் தானம் செய்து புண்ணியம் தேடிக்கொண்டார்கள். பிள்ளைகள் அதற்கு 'பர்த்டே சேர்' என்று பேர் வைத்தார்கள். அதில் ஆள் உட்கார்ந்தால் கைதட்ட வேண்டும், பாட வேண்டும். தென்றல் சந்தனம் வைப்பாள், முதல் வாய் ஊட்டுவாள், வாழ்த்துவாள். விருந்தாளி விழுங்கியதும் எல்லோரும் சாப்பிடலாம். இந்த வரிசையைப் பழக்க ஆசிரியைகள் படாத பாடு பட்டார்கள். பழகிய பிறகு அதை மாற்ற யாராலும் முடியவில்லை. ஒருமுறை மின்விசிறி சரிசெய்ய வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு அதில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் பாட்டு நடந்தது. மறுநாள் அவர் பிஸ்கட் பாக்கெட்டுகளோடு வந்து, உண்மையிலேயே நேற்றுதான் தன் பிறந்தநாள் என்று சாதித்தார்.

நினைவு நாளுக்குச் சோறு போடுகிறவர்களும் உண்டு. அன்று மட்டும் நாற்காலி சாமான் அறைக்குப் போகும், தென்றல் கவர் ஒட்டும் அறைக்குப் போவாள், செத்தவர் படம் மேசைமேல் ஏறும். இப்படித்தான் பல வருடம் ஒரு குழப்பமும் இல்லாமல் ஓடியது.

இனி நீங்கள் கவலைப்பட வேண்டிய விஷயம். விடுதிக்கு உரிமம் பதினெட்டு வயது வரைதான். வருகிற ஆனியில் தென்றலுக்குப் பதினெட்டு. அப்பா அம்மா இல்லை. கீழ்பென்னாத்தூரில் ஓர் அண்ணன் இருக்கிறான். அங்கே போக வேண்டும், அல்லது பள்ளிக்குப் பக்கத்து நிலத்தில் வயதுவந்த பெண்களுக்குத் தனி இல்லம் ஒன்று எழும்ப வேண்டும். கட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொல்லியிருந்தார். ஊரில் பெரிய லாட்ஜ் வைத்திருப்பவர். அவர் பெயரைச் சக்கரவர்த்தி என்று மாற்றியிருக்கிறேன். பேர் கம்பீரமாக இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார் என்று ராமகிருஷ்ணன் சொன்னதால் இந்தப் பேர். அவருடைய மனைவி அருணாதேவியின் முதல் நினைவு நாளில், மனைவி பெயரில் அந்த இல்லத்தை அறிவிப்பதாக ஏற்பாடு.

4.

அந்த நாளில் நானும் இருந்தேன். விருது வாங்கியவர் என்று ராமகிருஷ்ணன் என்னை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்.

மேசையைச் சமையல்காரர்கள் வடைத் தட்டு வைக்க எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பெரிய இடத்துப் படத்தைப் போயும் போயும் பிளாஸ்டிக் ஸ்டூலிலா வைப்பது என்று ஆயா மணியம்மாளுக்குத் தோன்றியது. முழுக்க முழுக்க மரியாதைதான் காரணம். சாமான் அறைக்குப் போய் வெல்வெட் நாற்காலியைத் தூக்கி வந்து, துடைத்து, மாலை போட்ட படத்தை அதில் சாய்த்து வைத்தார்.

பிள்ளைகள் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். நாற்காலியைப் பார்த்தார்கள். கை தட்டினார்கள்.

ராமகிருஷ்ணன் விரலை உதட்டில் வைத்து என்னென்னவோ செய்து பார்த்தார். பாட்டு தொடங்கிவிட்டது. பாட்டுச் சத்தம் கேட்டதும் தென்றல் கவர் அறையிலிருந்து கையில் பசையோடு வந்தாள். அந்த அறையை யாரும் பூட்டுவதில்லை. படத்தின் குங்குமத்துக்குமேல் சந்தனம் வைத்தாள். வடையில் ஒரு துண்டு பிய்த்து அருணாதேவியின் வாய்க்கு நேராகக் கண்ணாடியில் அழுத்தினாள். "நூறு வருசம் நல்லா இருக்கணும்" என்றாள்.

அதற்கப்புறம் காத்திருந்தாள். விருந்தாளி இன்னும் விழுங்கவில்லையே. பிள்ளைகளும் இலையில் கை வைக்காமல் காத்திருந்தார்கள். கூடம் முழுக்க, செத்துப்போன ஒரு பெண்மணி வடை சாப்பிடுவதற்காகக் காத்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்குவதற்குள் அழுகை வந்தது. இரண்டையும் இருமல் என்று சமாளித்தேன்.

சக்கரவர்த்தி எழுந்து போய்ப் படத்தை எடுத்தார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"நாப்பத்தாறுதாங்க இருந்தா."

படத்தோடு காரில் ஏறிப் போய்விட்டார். அறிவிப்பும் அவரோடு போய்விட்டது. ராமகிருஷ்ணன் கார் போன திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றார். சோறு ஆறிக்கொண்டிருந்தது, ஒரு பிள்ளையும் சாப்பிடவில்லை. கடைசியில் மணியம்மாள் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து, பாட்டை வாங்கிக்கொண்டு, அழுதபடியே வடையை விழுங்கினார். பந்தி தொடங்கியது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அதன்பிறகு விருந்தாளிகளுக்கு ஸ்பீக்கரில்தான் பாட்டு போடுகிறார்கள். தென்றலுக்குத் தினமும் கவர் அறைதான். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவளும் சேர்ந்து பாடுகிறாள். ஸ்பீக்கரைவிடக் கொஞ்சம் பின்னால் வருகிறாள், அவ்வளவுதான்.)

5.

ராமகிருஷ்ணன் கூப்பிட்டால் சக்கரவர்த்தி போனை எடுப்பதில்லை. ஆனியும் வந்துகொண்டிருக்கிறது. நேரில் மன்னிப்புக் கேட்டால் ஏற்க மாட்டார், கதையாக எழுதினால் மனம் இளகிவிடுவார் என்று ராமகிருஷ்ணன் நம்புகிறார். இலக்கியத்தின்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கும் ஒருவரை நான் இலக்கியக் கூட்டங்களில்கூடச் சந்தித்ததில்லை.

சரி, கதை என்றால் வில்லன் வேண்டும். சக்கரவர்த்தியை வில்லனாக்கிப் பார்த்தேன். கையில் தங்கக் காப்பு போட்டேன். பௌர்ணமிக்கு அறை வாடகையை இரட்டிப்பாக்கினேன் (இதற்குக் கற்பனையே தேவைப்படவில்லை). ஆனால் "நாப்பத்தாறுதாங்க இருந்தா" என்ற வரியை வில்லன் வாயில் வைக்க முடியவில்லை. மனைவி போய் ஒரு வருடமே ஆன மனிதரின் முன்னால் அவளை நூறு வருடம் வாழச் சொன்னால் வலிக்கும். எனக்கும் வலித்திருக்கும்.

அடுத்து, அண்ணன்காரனை வில்லனாக்கலாம் என்று கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன். அண்ணன் பேர் வல்லரசு. பைக் ஷோரூம் ஒன்றில் வேலை பார்க்கிறான். மனைவிக்கு ஜவுளிக்கடையில் வேலை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். தங்கச்சி சாப்பிடுகிறாளா என்று கேட்டான். அவளை இங்கே கூட்டிவந்தால் எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று கேட்டேன்.

"வெளிய பூட்டிட்டுத்தாங்க போவணும். ரெண்டு பேரும் வேலைக்குப் போனாதான் வீட்டு வாடகை. வேற இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க."

எழுத்தாளர்களிடம் இப்படி நேராகக் கேட்கக் கூடாது. போன பொங்கலுக்கு அவள் வந்திருந்தபோதும் பூட்டிவிட்டுத்தான் போனார்களாம். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் பிறந்தநாள் பாட்டுப் பாடியிருக்கிறாள். முதல் நாள் தெருவே சிரித்தது. இரண்டாம் நாள் ஜன்னலையும் சாத்தச் சொன்னார்கள். சாத்தினான். இதைச் சொல்லும்போது வல்லரசு டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வில்லன் யாரும் கிடைக்காமல் ஊர் திரும்பினேன்.

6.

கிடைக்கவில்லை என்றதும் உருக்கத்தில் இறங்கினேன். ராமகிருஷ்ணனுக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது:

"அருணாதேவி உயிரோடு இருந்தபோது வருடாவருடம் தன் பிறந்தநாளை அந்தப் பிள்ளைகளோடுதான் கொண்டாடினார். அதே நாற்காலி. அதே தென்றல். படத்தைப் பார்த்ததும் தென்றல் அவரை அடையாளம் —"

[பொய். அருணாதேவி அந்தப் பள்ளிப் பக்கமே வந்ததில்லை. தென்றலுக்கு அவர் யாரென்றே தெரியாது.]

"கண்ணாடியில் ஒட்டிய எண்ணெய்க் கறையைத் துடைக்க சக்கரவர்த்தி அதன்பிறகு யாரையும் விடவில்லை. ஒவ்வொரு காலையும் அந்தக் கறையை —"

[இதுவும் பொய். அன்று சாயங்காலமே சோப்புத் தண்ணீர் போட்டுப் பளபளவென்று துடைத்துவிட்டார்கள். லாட்ஜ்காரர்கள். துடைப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.]

இரண்டையும் நீக்கப் போகிறேன் என்றேன். ராமகிருஷ்ணன் பதறிவிட்டார். "அதுலதான் சார் அழுகையே வருது" என்றார். எனக்கும் தெரியும். எழுதும்போது எனக்கும் வந்தது. என் பொய்க்கு நானே அழுதேன், அவ்வளவு நன்றாக எழுதியிருந்தேன். ஆனால் நடந்தது இதைவிடச் சாதாரணம். தென்றல் யாரையும் அடையாளம் கண்டு பாடுவதில்லை. நாற்காலியில் இருப்பவர் யாராக இருந்தாலும் நூறு வருடம் வாழ வேண்டும் என்று நினைக்கிறாள். எனக்கும் அதைத்தான் சொன்னாள், மின்விசிறிக்காரருக்கும் அதைத்தான் சொன்னாள். அருணாதேவிக்கு மட்டும் குறைத்துச் சொல்ல அவளுக்குக் காரணம் ஒன்றும் தெரியவில்லை.

7.

முடிவுகள்:

(அ) சக்கரவர்த்தி மலரைப் படிக்கிறார். கண்கள் பனிக்கின்றன. ஓடி வந்து தென்றலின் தலையில் கை வைத்து, "நீயும் எனக்கு மகள்தான் —" [இது ராமகிருஷ்ணன் சொல்லி எழுதியது. கலரில் நன்றாக வரும்.]

(ஆ) சக்கரவர்த்தி படிக்கவில்லை. ஆனி வருகிறது. பூட்டிய கதவு, சாத்திய ஜன்னல், உள்ளே மெல்லிய ஒரு பாட்டு. முற்றும். [இதைச் சிறுபத்திரிகையில் போட்டால் இன்னொரு விருது நிச்சயம். அவளைப் பூட்டிவைத்து நான் சால்வை வாங்கிக்கொள்வதா? முடியாது.]

(இ) அண்ணி வேலையை விட்டுவிட்டு — [வாடகையை நீங்கள் கட்டுவீர்களா?]

ஆகவே கதையை இங்கேயே நிறுத்திவிட்டு, ஒருவரிடம் மட்டும் பேசப் போகிறேன். மற்றவர்கள் வேண்டுமானால் பக்கத்தைப் புரட்டி உங்கள் படம் எந்த மூலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

சக்கரவர்த்தி சார். மலரின் முதல் பிரதியை ராமகிருஷ்ணன் உங்கள் மேசையில்தான் கொண்டுவந்து வைப்பார். உங்களை உருகவைப்பதற்காகத்தான் இதை எழுதச் சொன்னார்கள் என்பதை நானே சொல்லிவிட்டேன், அதனால் நீங்கள் உருக வேண்டியதில்லை. மன்னிக்கவும் வேண்டாம். தென்றல் தப்பு எதுவும் செய்யவில்லை, மன்னிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. உங்களுக்கு வலித்தது, அதுவும் நிஜம். அவளை மகள் என்று சொல்லாதீர்கள். பார்க்கப் போகாதீர்கள். அவள்மேலும் என்மேலும் எவ்வளவு வேண்டுமானாலும் கோபமாக இருங்கள். கோபத்தோடு கட்டினாலும் கூரை ஒழுகாது.

கட்டி முடித்த வீட்டில் அவள் உட்கார்ந்திருப்பதாகக் கடைசிப் பத்தி ஒன்று எழுதச் சொன்னால் இப்போதே எழுதித் தருவேன். எழுத எனக்குத் தெரியும். கட்டத்தான் தெரியாது.