முகம் காட்டாத வாரம்

சொல்லாமல் சொல்வதுதான் என் வேலை. ஒரு டிவி சேனலில், அடுத்து என்னென்ன வரப்போகிறது என்று இரண்டிரண்டு வரியாக எழுதித் தருவேன். புதுத் தொடர் ஆரம்பம், பழைய தொடர் நிறைவு, டிவிடி வெளியீடு, எல்லாம் என் கைவண்ணம். 'கதவைத் தட்டியது யார்?' என்று கேட்பேனே தவிர, யார் என்று மூச்சுவிட மாட்டேன். வாய் அப்படிக் கெட்டி. இந்த முகம்தான் சனியன், ஊருக்கே தண்டோரா போட்டுவிடும்.

அதுவும் அக்காவிடம் என் பாச்சா பலிக்கவே பலிக்காது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். "வில்லிக்கு ஜெயிலா?" என்று கேட்டுவிட்டு என்னையே பார்ப்பாள். நான் கல்லுப்பிள்ளையாராக நிற்பேன். "ஓ, தப்பிச்சுடுறாளா" என்பாள். அவள் கணக்கு ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

இந்த லட்சணத்தில் எங்கள் சேனலின் பெரிய தொடருக்கு முடிவு குறித்தார்கள். வெள்ளிக்கிழமை நிறைவுப் பகுதி. கதை வெளியே கசிந்தால் அவ்வளவுதான் என்று எல்லோருக்கும் மிரட்டல். அதோடு விட்டார்களா? திங்கட்கிழமை மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமையோட தொடருக்கும் நிறைவு, உங்க பிரிவுக்கும் நிறைவு" என்றார். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. மனுஷனா அவர்? கடைசி வேலையாக, முழுத் தொடரும் டிவிடி பெட்டியாக வருகிறதாம், அதன் பின்பக்கத்துக்கு நான் ஒரு வரி எழுத வேண்டுமாம். 'ஆறு வருடக் கண்ணீர், ஒரே பெட்டியில்!' என்று எழுதிக் கொடுத்தேன். பிரமாதம் என்றார். நாசமாய்ப் போக.

வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். என் பயமெல்லாம் அக்காதான். சூப்பர் மார்க்கெட் கவுண்டரில் நின்று நின்று மூட்டுத் தேய்ந்து, அப்போதுதான் ஆபரேஷன் ஆகியிருந்தது. மூன்று மாதம் வேலைக்குப் போகவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்கு வேலை இல்லை என்று தெரிந்தால் போதும், மறுநாளே வாக்கரைத் தள்ளிக்கொண்டு கவுண்டருக்குப் போய் நிற்பாள். அப்படியொரு ஜென்மம். அவள் கால் தேறும்வரை விஷயம் தெரியக் கூடாது. அதற்குள் நான் வேறு எங்காவது தொற்றிக்கொள்ள வேண்டும்.

அவள் உட்கார்ந்திருப்பதோ ஹால் சோபாவில். சமையலறைக்குப் போனாலும் வாசலுக்குப் போனாலும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு நாள் தலை துவட்டுகிற சாக்கில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினேன். மறுநாள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே காபி போட்டுக் கொடுத்தேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"முடிவு அவ்வளவு பெரிய ரகசியமாடி?"

"தெரிஞ்சா என் வேலை போயிடும்க்கா."

அது எப்படியும் போகத்தான் போகிறது என்பதை மட்டும் ஹெல்மெட்டுக்குள்ளேயே முழுங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. நிறைவுப் பகுதி ஆரம்பிக்கப் போகிற நேரம். நான் முகம் முழுக்க ஃபேஸ் பேக்கை அப்பிக்கொண்டு, நன்றாகக் காயவிட்டு, தைரியமாக ஹாலுக்கு வந்தேன். அக்கா பார்த்ததுமே சிரிக்க ஆரம்பித்தாள்.

"இப்படி வந்து உட்காரு. ஒரே ஒரு கேள்வி."

"கேக்காதேக்கா" என்றபடியே உட்கார்ந்தேன்.

"அட, கதையைப் பத்தி இல்லடி. இது முடிஞ்சதும் உனக்கு அடுத்து எந்தத் தொடர்?"

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. "ஏதாவது குடுப்பாங்க" என்றேன். வாய் ஒழுங்காகத்தான் சொன்னது. ஆனால் கன்னத்தில் காய்ந்திருந்த பேக் விரிசல் விட்டு, ஒரு துண்டு பொத்தென்று மடியில் விழுந்தது.

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"எப்போ சொன்னாங்க?"

"திங்கக்கிழமை."

"வாரம் பூரா இதைத்தான் மூடிக்கிட்டுத் திரிஞ்சியா? நான் ஒரு மடச்சி, கதைன்னு நினைச்சுக் கெக்கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டு..."

அவள் கை வாக்கரைத் தேடியது.

"எந்திரிச்சுதான் பாரேன்! கவுண்டர் கிவுண்டர்னு கிளம்பினே, இன்னொரு காலையும் நானே ஒடிச்சு உட்கார வெச்சுடுவேன்!" என்று கத்தினேன்.

அக்கா வாக்கரை எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிட்டாள்.

"போகலடி. எங்கேயும் போகல. இந்தக் காலுக்காக நீ இவ்வளவு கூத்தடிச்சிருக்கே, நான் போவேனா? என்ன வருதோ வரட்டும், ரெண்டு பேரும் பார்த்துக்கலாம்."

டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மெல்ல என் பக்கம் நகர்ந்து, காதோடு காதாகக் கேட்டாள்.

"ஏன்டி, வேலைதான் போயிடுச்சே. இனிமே யாருக்குப் பயப்படணும்? முடிவைச் சொல்லேன்."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அடக்கி வைத்திருந்த அழுகை மொத்தமும் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா தன் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். துடைத்துக்கொண்டே முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அடிப்பாவி! அப்போ ஹீரோ செத்துடுறானா?"