நடைவண்டியின் பின்சக்கரங்கள்

பள்ளி வாத்தியக்குழுவின் பழைய சாமான் சந்தை பத்து மணிக்குத்தான் திறக்கும். தீரில் ஒன்பதேகாலுக்கே வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றாள். அவள் தோள்பையில் டாய்லெட் பேப்பர் தீர்ந்துபோன அட்டைக்குழல் ஒன்றும், பிளாஸ்டிக் உறையில் ஈரத்துணி ஒன்றும், அளவு நாடாவும் இருந்தன.

பக்கத்தில் யோருன் கொட்டாவி விட்டாள். யோவிக் நகர முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் இருவரும் ஒரே மேசையில் விரிப்பு மடிப்பவர்கள்.

"சனிக்கிழமை அதுவுமா என்னை எழுப்பி இழுத்துட்டு வந்திருக்கே. நீ பொம்மை வாங்க வந்தியா, இல்ல பொம்மையக் கைது பண்ண வந்தியாடீ?"

"அட்டைக்குழல்ல நுழையற எதுவும் குழந்தையோட தொண்டையிலயும் நுழையும். அதுக்குத்தான் இது."

"தெரியும், தெரியும். மூணு வாரமா இதையேதான் சொல்றே. பாட்டிங்களோட தலையணை உறையைப் பிரிக்கறப்பகூட பட்டனை அதுக்குள்ள போட்டுப் பாக்கறே."

தீரில் சிரிக்கவில்லை. மே மாதம் அவள் ஒரு நாய்ப் பொம்மை வாங்கிப் போயிருந்தாள். பெட்ரோல் பங்க் கடையில் வாங்கியது. வயிற்றை அழுத்தினால் குரைக்கும். ஈவெர் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தான். பதினைந்து நாளில் நாய் தபாலில் திரும்பி வந்தது. கூடவே குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து நான்கு வரிக் கடிதம். பேட்டரி மூடிக்குத் திருகாணி இல்லை, உள்ளே இருப்பது பொத்தான் பேட்டரி, விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துவிடும். கடிதத்தில் கோபம் எதுவும் இல்லை. அவர்கள் சொன்னது சரி என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஆகஸ்டில் வெறுங்கையோடு போனாள்.

ஈவெர் அவள் மகன். சென்ற குளிர்காலத்தில் தீரிலால் படுக்கையைவிட்டு எழ முடியாமல் போனது. குழந்தையின் எடை இரண்டு மாதம் ஏறவே இல்லை. சுகாதாரத் தாதி முதலில் கேட்டாள், பிறகு குழந்தைகள் நல அலுவலகத்துக்கு எழுதினாள். பிப்ரவரியில், எட்டு மாதக் குழந்தையாக, அவன் குன்ஹில்ட் என்ற வளர்ப்புத் தாயின் வீட்டுக்குப் போனான். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம் அவனைப் பார்க்கலாம்.

அவன் தவழத் தொடங்கியதை அவள் பார்க்கவில்லை. முதல் பல்லைப் பார்க்கவில்லை. நடை மட்டும் பாக்கி இருந்தது. ஆகஸ்டில் அவன் சோபாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. நவம்பரில் ஒரு நடைவண்டி கொண்டுபோக வேண்டும். அந்த அறையில், அந்த இரண்டு மணி நேரத்தில், அவன் முதல் அடி வைக்க வேண்டும். அதைத் தான் பார்க்க வேண்டும்.

வண்டி பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் கடைசி மேசைக்கடியில் கிடந்தது. பீச் மரம். முன்னால் ஒரு பெட்டி, பின்னால் கைப்பிடி, நான்கு சக்கரம், சக்கரத்தைச் சுற்றி ரப்பர் பட்டை. மேசைக்குப் பின்னால் டிரம்ப்பெட் வாசிக்கும் பிள்ளையின் அப்பா, கம்பளிச் சட்டையோடு காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுல மூணு பேரை நடக்க வெச்ச வண்டிம்மா அது. இப்ப மூணும் சொல்பேச்சுக் கேக்காம ஓடுதுங்க. அதுக்கு வண்டி பொறுப்பில்லை."

தீரில் தரையில் மண்டியிட்டாள். விளிம்பெல்லாம் உள்ளங்கையால் தடவினாள். சிலும்பு இல்லை. சாயத்தை ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். மூக்கைப் பெட்டிக்குள் நுழைத்து முகர்ந்தாள்.

"அடுத்தது என்ன, நக்கிப் பாக்கப் போறியா?" என்றார் அவர்.

"நான் இல்ல. அவன் நக்குவான்."

அவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு கேலி பேசவில்லை. வண்டியைக் கவிழ்த்து, பின்சக்கரங்களின் உள்பக்கம் இருந்த இரண்டு திருகாணிகளைக் காட்டினார். "இதை இறுக்கினா வண்டி மெதுவாப் போகும். புதுசா நடக்கற குழந்தைக்கு அதான் நல்லது. இல்லாட்டி வண்டி முன்னால ஓடிரும், பிள்ளை மூக்கு தரையில."

வண்டியோடு வெளியே வந்து வாஃபிள் வாங்கி நின்றபோது யோருன் கேட்டாள்.

"ஏய், அவன் இதுக்குள்ள நடந்திருந்தா?"

"இல்ல. ரெண்டு மாசம் முன்னாடியே பொறந்தவன் அவன். எல்லாமே தள்ளித்தான் வரும், நடக்க ஒன்றரை வயசுக்கு மேல ஆகும்னு டாக்டர் சொன்னார். இப்ப பதினேழு மாசம்தான்."

"டாக்டர் சொன்னதை அவன் கேட்டானா?"

"நடந்திருந்தா எனக்குச் சொல்லியிருப்பாங்க."

யோருன் பழுப்புப் பாலாடைக்கட்டியை வாஃபிளில் மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் தீரில் ஒரு சோதனை வைத்தாள். ஆகஸ்டு அறிக்கையில் ஈவெரின் எடை ஒன்பது கிலோ. அவள் ஒன்பது கிலோ உருளைக்கிழங்கை எடை போட்டுத் துணிப்பையில் கட்டி, வண்டியின் கைப்பிடியில் தொங்கவிட்டாள். குழந்தை பிடித்து எழுந்தால் வண்டி பின்னால் சாயக் கூடாது. சாயவில்லை. பிறகு திருகாணிகளை இறுக்கினாள். கால் சுற்று இறுக்குவாள், தள்ளிப் பார்ப்பாள், இன்னொரு கால் சுற்று. கடைசியில் சமையலறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு வண்டி போய்ச்சேர அரை நிமிடம் பிடித்தது. உருளைக்கிழங்கு ஆடாமல் அசையாமல் போய்ச் சேர்ந்தது. அவள் அதைத் திரும்பவும் தள்ளிக்கொண்டு வந்தாள்.

நவம்பர் சந்திப்புக்கு அவள் அரை மணி முன்னதாகப் போனாள். நகராட்சியின் குடும்ப இல்லத்தில் கீழ்த்தள அறை. பூட்ஸைக் கழற்றி நடையில் வைத்தாள். சந்திப்புகளில் கூடவே உட்கார்ந்து குறிப்பெடுக்கும் ஓட்வார் ஏற்கெனவே மூலை நாற்காலியில் இருந்தார்.

"அருமையான வண்டி. இதை எங்க பிடிச்சே?"

"சந்தையில. எல்லாம் சோதிச்சுட்டேன்."

"அது தெரியுது."

சோபாவிலிருந்து நான்கடி தள்ளி வண்டியை நிறுத்தினாள். அவனைச் சோபாவைப் பிடித்து நிற்கவைக்கலாம். கைப்பிடியை எட்டிப் பிடிப்பான். தான் எதிரே தரையில் உட்கார வேண்டும். எங்கே உட்காருவது என்றுகூட அவள் முடிவு செய்திருந்தாள்.

நடையில் காலடிச் சத்தம் கேட்டது. ஒன்று கனமாக, ஒன்று தத்தித்தத்தி. கதவு திறந்தது. கம்பளிக் காலுறை போட்ட ஒரு பையன் நடந்து உள்ளே வந்தான்.

வேறு யாரோ குழந்தை என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். பிறகுதான் காதைப் பார்த்தாள். அவளுடைய காது.

ஈவெர் அறையின் நடுவரைக்கும் வந்து, நின்று, அவளைப் பார்த்தான். பின்னால் வந்த குன்ஹில்ட் முதலில் வண்டியைப் பார்த்தாள். அப்புறம் தீரிலைப் பார்த்தாள்.

"மூணு வாரம் ஆச்சு," என்றாள். "நான் சொல்லியிருக்கணும். அறிக்கையில வந்திருக்கும்னு நெனச்சுட்டேன்."

"அறிக்கை டிசம்பர்லதான்," என்றார் ஓட்வார் மெதுவாக.

தீரில் தலையசைத்தாள். குன்ஹில்ட் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

வண்டி ஈவெருக்குப் பிடித்திருந்தது. நேராகப் போய்க் கைப்பிடியைப் பற்றினான். தள்ளினான். அது நகரவில்லை. அவன் ஓட நினைத்துத் தள்ளினான், வண்டி நடக்கக்கூடத் தயாராக இல்லை. உடம்பைச் சாய்த்து முழு பலத்தோடு தள்ளினான். கை வழுக்கியது. நெற்றி கைப்பிடியில் இடித்தது.

தீரில் எழுந்தாள். அவன் அவளைத் தாண்டி ஓடினான். மூடிய கதவை இரண்டு கையாலும் அடித்தான்.

"அம்மா! அம்மா!"

ஓட்வார் நாற்காலியில் பாதி எழுந்து, திரும்ப உட்கார்ந்தார். அவர் பேனாவைத் தாளில் வைக்கவில்லை. அதற்காக அவள் அவருக்கு நன்றியோடு இருந்தாள்.

இதோ இருக்கேன் என்று சொல்ல நினைத்தாள். அது அவனுக்குப் பதில் ஆகாது. கதவைத் திறக்கச் சொல்லலாம். சொன்னால் இந்த இரண்டு மணி நேரமும் அந்தப் பக்கம் போய்விடும். அவள் வண்டியைப் பார்த்தாள்.

"ஆலன் கீ இருக்கா?"

"என்ன?"

"ஆறு முனைத் திருகாணி. அதுக்குச் சாவி."

ஓட்வார் சமையலறை இழுப்பறைகளைத் திறந்து மூடுவது கேட்டது. அலமாரியைப் பொருத்தியபோது மிஞ்சிய ஒரு ஆலன் கீயோடு வந்தார். அவள் தரையில் உட்கார்ந்து வண்டியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். முதல் திருகாணி கிரீச்சிட்டது. அழுகை அந்தச் சத்தத்தில் சற்று நின்றது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சக்கரத்தைச் சுழற்றிவிட்டாள். அது சுழன்றுகொண்டே இருந்தது. காலுறைகள் தரையில் உரசிப் பக்கத்தில் வந்தன. மூக்கை உறிஞ்சும் சத்தம் காதருகில் கேட்டது. பிறகு, குனிந்து பார்ப்பதற்காக, அவன் அவள் தோளில் கை வைத்தான். எடையைக் கொடுத்து, மேசையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டான்.

இரண்டாவது திருகாணியை அவள் கழற்றினாள். பிறகு பாதி இறுக்கினாள். மறுபடி தளர்த்தினாள். மறுபடி இறுக்கினாள். ஓட்வார் ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை தோளிலேயே இருந்தது.

"ம்," என்றான் ஈவெர், போதும் என்பதுபோல.

திருகாணியைத் தளர்த்திவிட்டு வண்டியை நிமிர்த்தி வைத்தாள். அதன் பிறகு அவன் நிற்கவில்லை. சோபாவிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து ஓட்வாரின் காலுக்கு. ஓட்வார் "ஐயோ, என் கால் போச்சு!" என்று ஒவ்வொரு முறையும் அலறினார். அவன் ஒவ்வொரு முறையும் சிரித்தான். பிறகு நடைக்குப் போய்ச் செருப்புகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் ஏற்றினான். ஓட்வாருடையது ஒன்று. தீரிலின் பூட்ஸ் ஒன்று. கொண்டுபோய் இறக்கினான், மறுபடி ஏற்றினான். தீரில் அவன் பின்னாலேயே முழங்காலில் போனாள். அவன் எந்தக் காலை முதலில் வைக்கிறான் என்று பார்த்தாள். இடது.

நேரம் முடிந்து, மதியம் ஒரு மணிக்குக் குன்ஹில்ட் திரும்பி வந்து அவனுக்குக் குளிர்கால உடுப்பை மாட்டிவிட்டாள். அவன் தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கினான்.

"எங்க நடந்தான்?" என்று கேட்டாள் தீரில். குன்ஹில்டிடம் அவள் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"சமையலறையில. அடுப்புலேர்ந்து மேசை வரைக்கும். நாலு அடி."

"எதையாவது பிடிச்சிருந்தானா?"

"கையில ஒரு மரக்கரண்டி வெச்சிருந்தான். அவ்வளவுதான்." குன்ஹில்ட் ஜிப்பை மேலே இழுத்தாள். "வண்டியை எடுத்துட்டுப் போறேன். டிக்கியில இடம் பண்ணிடலாம்."

"உங்க வீட்டுல நடைவண்டி இருக்கா?"

"...இருக்கு."

"அதைத் தள்றானா?"

குன்ஹில்ட் பொய் சொல்லத் தெரியாதவள். "அவன் இப்ப எதையும் பிடிச்சுக்கறதே இல்ல. அது ஒரு வாரமா பால்கனியில கிடக்கு."

"அப்ப வேண்டாம்." தீரில் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். "பிப்ரவரியில அவன் என்ன பண்ணிட்டிருப்பான்? சொல்லுங்க. அதுக்குத் தக்க மாதிரி நான் பாத்து வாங்கணும்."

"எனக்கெப்படித் தெரியும்?"

"நீங்க கூடவே இருக்கீங்களே."

"கூட இருந்தாலும் தெரியாதும்மா. ஒருநாள் காலைல திடீர்னு செஞ்சுடறாங்க." குன்ஹில்ட் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஏற ஆரம்பிச்சிருக்கான். நாற்காலி, சோபா முதுகு. அப்போ பேச்சும் வந்திருக்கும்னு நெனக்கறேன். அதிகம் இல்ல. நாலஞ்சு வார்த்தை."

என்ன வார்த்தை என்று தீரில் கேட்கவில்லை.

கார் கிளம்பிப் போனது. ஓட்வார் விளக்குகளை அணைத்துவிட்டு, சாவிக்கொத்தோடு வாசலில் நின்றார். தீரில் காலுறைக் காலோடு அறைக்குத் திரும்பிப் போய் வண்டியின் முன்னால் மண்டியிட்டாள்.

"இங்க வேற குழந்தைங்களும் வர்றாங்கதானே?"

"செவ்வாய்க்கிழமை ஒண்ணு வரும். பத்து மாசம்."

"நிக்குதா?"

"பிடிச்சுக்கிட்டு நிக்குது."

அவள் திருகாணிகளை இறுக்கினாள். கால் சுற்று, தள்ளிப் பார்த்தாள். இன்னொரு கால் சுற்று. உருளைக்கிழங்குக்கு வைத்த அதே இறுக்கம். ஓட்வார் அவசரப்படுத்தவில்லை. ஆலன் கீயைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் அதை வாங்கி, "இழுப்பறையில முன்னாலயே வெக்கறேன்," என்றார்.

பெட்டிக்குள் அவளுடைய ஒற்றை பூட்ஸ் கிடந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொண்டு, மற்றதைத் தேடி நடைக்குப் போனாள்.