அறுபதாவது ஃபிளாப்பி

எல்மர் ப்ரூவிட்டின் தாத்தா நியூயார்க் துறைமுகத்தில் சுங்க அதிகாரி. அப்பாவும் அங்கேதான். எல்மர் முப்பத்தொரு வருடம் விமான நிலையச் சுங்கத்தில் இருந்து, ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையில் ப்ரூவிட் என்ற பெயரை நோக்கி ஒருவரும் விரல் நீட்டியதில்லை. அந்த வீட்டில் 1995-இல் மகள் லோர்னா ஆயுதம் செய்தாள்.

ஆயுதம் என்று சொன்னது அரசாங்கம். கல்லூரியில் கணிதம் நடத்தும் லோர்னா எழுதியது, கடிதங்களை அந்நியர் படிக்க முடியாதபடி பூட்டிவிடும் கணினி புரோகிராம். அந்த மாதிரிப் பூட்டு ஆயுதப் பட்டியலில் பீரங்கியோடு சேர்ந்து கிடந்தது. ஃபிளாப்பி வட்டில் ஏற்றி உரிமம் இல்லாமல் வெளிநாடு கொண்டுபோனால் ஜெயில். அதையே தாளில் அச்சடித்துக் கொண்டுபோனால் தடையில்லை, புத்தகம் எப்போதும் புத்தகம்தான். ஹெல்சிங்கி மாநாட்டில் பேச வேண்டிய லோர்னா, புரோகிராம் முழுவதையும் நானூறு பக்கப் புத்தகமாக அறுபது பிரதி போட்டாள். அங்கே இருப்பவர்கள் அதைப் பார்த்துக் கணினியில் டைப் அடித்து ஓட்டிக்கொள்வார்கள்.

"சட்டப்படி சரிதான்" என்று விதிப் புத்தகத்தை மூன்று முறை படித்துவிட்டு எல்மர் ஒப்புக்கொண்டார். ஆனால் துணைக்குத் தானும் வருவதாகச் சொன்னார். முதல் பிரதியில் 'விதி தவறாத அப்பாவுக்கு' என்று எழுதி அவரிடம் கொடுத்தாள் மகள். அவர் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

விமானம் மதியம் இரண்டு மணிக்கு. பத்து மணிக்கே பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு நேராகச் சுங்க மேஜைக்குப் போனார் எல்மர்.

"அப்பா, நம்மள யாரும் கூப்பிடலையே!"

"கூப்பிட்டாதான் காட்டுவேன்னு சொல்றவன் கடத்தல்காரன். நாம காட்டிட்டுத்தான் போவோம்."

மேஜையில் இருந்தவன் டெஸ்மண்ட் ஹேய்ஸ். எல்மரிடம் வேலை பழகியவன். எழுந்தே நின்றுவிட்டான்.

"சார்! இன்னும் அதே டையா கட்டிருக்கீங்க?"

"டை இருக்கட்டும். பெட்டியப் பிரி. சொந்தக்காரன் மாதிரி பாக்காத, சந்தேகப்பட்டுப் பாரு."

டெஸ்மண்ட் ஒரு புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தான். பக்கங்களைப் புரட்டினான். பின்னட்டையைத் திறந்தவன் அப்படியே நின்றான். அட்டையின் உள்பக்கம் ஒட்டிய சிறு பையில் கறுப்பாக ஒரு ஃபிளாப்பி.

லோர்னா புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். "நான் வைக்கச் சொல்லவே இல்ல! அச்சுக்கோக்கத்தான் ஒண்ணு குடுத்தேன்..."

"கம்ப்யூட்டர் புத்தகம்னா பின்னால ஃபிளாப்பி ஒட்டித்தானே கடைக்கு வருது" என்றான் டெஸ்மண்ட். "பைண்டிங்ல பழக்க தோஷத்துல ஒட்டிட்டாங்க. மேடம், நீங்க அறுபது ஆயுதம் கொண்டு வந்திருக்கீங்க."

எல்மர் நிமிர்ந்தார். எழுபத்திரண்டு வயதிலும் அந்த முதுகு வளையாது. "டெஸ்மண்ட், பெட்டிய நிறுத்து. என் பொண்ணுன்னு பாக்காத."

"அப்பா! நாளைக்கு நான் வெறுங்கையோட மேடை ஏறணுமா?"

"பேர் கெட்டுப்போய் மேடை ஏறுறதுக்கு வெறுங்கை மேல்."

"ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க" என்றான் டெஸ்மண்ட். "நீங்களா வந்து காட்டினீங்க. எல்லையும் தாண்டல. ஃபிளாப்பியெல்லாம் இங்க இருக்கட்டும், புத்தகம் போகட்டும். ஆனா ஒண்ணு குறையக் கூடாது."

மூவரும் உட்கார்ந்து உரித்தார்கள். பிசின் விரலில் ஒட்டியது. லோர்னாவின் நகம் ஒன்று உடைந்தது. பன்னிரண்டரைக்கு மேஜைமேல் கறுப்புக் கோபுரம் எழுந்தது. டெஸ்மண்ட் எண்ணினான். ஐம்பத்தொன்பது.

பெட்டியின் அடியில் கிடந்த அச்சகத்தின் சீட்டில் 'புத்தகம் அறுபது, ஃபிளாப்பி அறுபது' என்று தெளிவாக இருந்தது.

"தேடு!" எல்மர் குரல் உயர்ந்தது. "அவ கோட்டையும் தேடு! ஒரு ஆயுதம் வெளிய சுத்துது, நீ பல்லக் காட்டிட்டு நிக்கிற!"

லோர்னா கோட்டைத் தானே உதறிக் காட்டினாள். பெட்டிகளைக் கவிழ்த்தாள். பிறகு மெதுவாக அப்பாவின் கைப்பையைப் பார்த்தாள். டெஸ்மண்டும் பார்த்தான்.

எல்மர் பையைத் திறந்தார். 'விதி தவறாத அப்பாவுக்கு' வெளியே வந்தது. பின்னட்டைக்குள் ஃபிளாப்பி சௌகரியமாகப் படுத்திருந்தது.

"மூணு தலைமுறை, சார்" என்றான் டெஸ்மண்ட், சிரிப்பை அடக்க முடியாமல்.

"வாய மூடு. ரசீது எழுது."

"எதுக்கு சார்? கோபுரத்து மேல வெச்சுட்டுப் போங்க."

"எழுதுன்னா எழுது. எல்மர் ப்ரூவிட், தானா முன்வந்து ஒப்படைச்சாருன்னு. நேரமும் போடு."

"தானா முன்வந்தா?" லோர்னா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் எல்மரின் மீசையும் ஆடத் தொடங்கியது.

ரசீதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அதே புரோகிராம் நானூறு பக்கமாக அவர் கக்கத்தில் இருந்தது. டெஸ்மண்ட் சல்யூட் அடித்து வழிவிட்டான்.

வாசல் தாண்டியதும் எல்மர் கேட்டார்: "அதுல இருக்கிறதுதானே இதுலயும் இருக்கு? அப்புறம் என்னத்தத் தடுத்தோம்?"

"நாலு பேர் ஒரு வாரம் உக்காந்து டைப் அடிக்கணும். அவ்வளவுதாம்ப்பா."

எல்மர் புத்தகத்தை அடுத்த கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். "சட்டம் சட்டம்தான்" என்றார். பிறகு, "அஞ்சு பேர்னு சொல்லு. முப்பத்தொரு வருஷம் நான் அறிக்கை டைப் அடிச்சதுல ஒரு தப்பு கிடையாது."