பன்னிரண்டாம் படுக்கை அம்மா

வாடகை நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக மகள் அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் பன்னிரண்டாம் படுக்கை அம்மா உள்ளே வந்தாள். அப்பாவின் மூன்றாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்களெல்லாம் வாட்சைப் பார்த்தபடியே கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இனி அந்த வீட்டில் மகள் ஒருத்திதான்.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் பதினோராம் படுக்கை. பக்கத்தில் இந்த அம்மாவின் கணவர். மகளுக்கு அதே ஆஸ்பத்திரியின் கிருமிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. அவள் வேலைக்கு ஓடிய நேரத்திலெல்லாம் அப்பாவுக்குத் தலையணை சரிசெய்து, வாய் துடைத்துவிட்டது இந்த அம்மாதான்.

"நேத்தே வந்திருக்கணும். இவரைத் தனியா விட்டுட்டு வர முடியலம்மா."

"பரவாயில்ல, உக்காருங்க. அவருக்கு எப்படி இருக்கு?"

"தேவல. காய்ச்சல் விட்டுடுச்சு." நாற்காலி நுனியில் உட்கார்ந்து மென்று விழுங்கினாள். "வார்டுல பேசிக்கறாங்க. அந்தக் கிருமி எங்ககிட்டேருந்துதான் உங்கப்பாவுக்கு வந்துச்சா? நீதான் அதெல்லாம் பாக்கறவளாமே."

அவள்தான் பார்த்தாள். கிருமிக்குள் பிளாஸ்மிட் என்று ஒரு சின்ன வளையம் இருக்கும். மருந்துக்கு மசியாத குணத்தை அது சுமந்து திரியும். இரண்டு பேரின் கிருமியில் அது அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், தொற்று வந்த வழியைப் பிடித்துவிடலாம். அப்படி ஒத்துப்போவதற்குக் கூடத்தில் செல்லப்பெயர் 'சொந்தம்'. மாதிரிகளில் பெயர் இருக்காது, எண்தான். முந்தாநாள் பரிசோதனைப் படத்தில் இரண்டு மாதிரிகளின் பிளாஸ்மிட் கோடுகள் இம்மி பிசகாமல் ஒத்துப்போனதும், "சொந்தம்! சொந்தம்!" என்று குஷியாகக் கத்தினாள். பிறகு பதிவேட்டைப் புரட்டினாள். ஒன்று பன்னிரண்டாம் படுக்கை, பத்து நாள் முந்தையது. மற்றது அப்பா. கத்திய வாயை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் அப்பா போய்விட்டார் என்று வார்டிலிருந்து போன் வந்தது.

'ஆமாம்' என்ற சொல் இப்போது நாக்கு நுனியில் நின்றது. கோபமும் இருந்தது, மறைப்பானேன். இவள் கணவர் பிழைத்துவிட்டார்.

"கடைசியில நான்தாம்மா பக்கத்துல இருந்தேன். கண்ணு சரியாத் தெரியல போல. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'வந்துட்டியாம்மா'ன்னாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. 'வந்துட்டேம்ப்பா'ன்னுட்டேன். பொய்தான். தப்பா எடுத்துக்காத."

மகள் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள். மூன்று நாளாக வராத அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இல்லம்மா," என்றாள். "ரெண்டும் வேற வேற. உங்ககிட்டேருந்து வரல."

"நிஜமாவா?"

"நான்தானே பாத்தேன்."

அந்த அம்மாவுக்கு மூச்சு சீரானது. தண்ணீர் கேட்டு, வாய் வைத்துப் பாதி குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினாள்.

அவள் தெருமுனை திரும்புவதற்குள் கூடத்திலிருந்து போன். "அக்கா, அந்த 'சொந்தம்' ரிப்போர்ட்ல என்ன போடட்டும்?"

"இருக்கறத அப்படியே போடு."

போனை வைத்துவிட்டு நின்றாள். டம்ளரில் மீதித் தண்ணீர் இருந்தது. கதவுக் கைப்பிடியைக்கூட யோசித்துத் தொடுகிறவள், அதை எடுத்து வாய் வைத்தே குடித்தாள்.