எஜமானுக்கு விவாகரத்து

நாங்கள் மாங்கணியார்கள், ராஜஸ்தானில் ராஜபுத்திரர் வீடுகளுக்குப் பாடும் பரம்பரை. எங்கள் வழக்கத்தில் எஜமான் தன் பாட்டுக்காரனை விலக்க முடியாது. பாட்டுக்காரன்தான் எஜமானை விலக்கலாம். வில்லால் வாசிக்கும் தன் கமாய்ச்சாவின் நரம்புகளைக் கழற்றி அவர் வாசலில் புதைக்க வேண்டும். அவரைப் போல ஒரு வைக்கோல் பொம்மை செய்து, கழுதை வாலில் கட்டி ஊரைச் சுற்றி இழுக்க வேண்டும். அதன் பிறகு எந்த மாங்கணியாரும் அந்த வீட்டில் வாய் திறக்க மாட்டார். பிள்ளை பிறந்தாலும் சரி, கிழவர் செத்தாலும் சரி, வீடு ஊமையாகக் கிடக்கும்.

என் கணவர் ஹாசம் கான், எங்கள் எஜமான் சவாய் சிங்கை விலக்கப்போவதாக அறிவித்தது எஜமானுடைய பேரனின் தொட்டில் விருந்துக்கு மறுநாள். விருந்துக்கு ஜோத்பூரிலிருந்து ஆள் உயரத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி வந்திருந்தது. இது முடியட்டும், அப்புறம் நீ வாசி என்றார் எஜமான். அது முடியவே இல்லை. இவர் கமாய்ச்சாவை மடியில் போட்டுக்கொண்டு, மருத்துவரைப் பார்க்க வந்தவர் பிள்ளையை வைத்திருப்பதைப் போல சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். உள்ளே பெண்கள் பக்கம் டோலக்கோடு நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றி யாரும் அறிவிக்கவில்லை.

எனக்குக் கோபம் இல்லையா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இருந்தது. ஆனால் கோபத்துக்குப் பக்கத்தில் எஜமானின் மகள் ஜதன் உட்கார்ந்திருந்தாள். அவள் பிறந்தபோது பாடியவள் நான். தீபாவளி கழித்து அவளுக்குக் கல்யாணம். அவள் புகுந்த வீட்டுக்குப் போக வாசல்படி தாண்டும்போது பாட வேண்டியதை எத்தனையோ வருஷமாக மனதுக்குள் பாடிப் பாடி வைத்திருக்கிறேன். விலக்கு நடந்துவிட்டால் அந்தப் பாட்டை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

சுற்றூர்ப் பாட்டுக்காரர்கள் எங்கள் முற்றத்தில் கூடினார்கள். விலக்கைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் நிறைய இருந்தார்கள். செய்து பார்த்தவர்தான் யாரும் இல்லை. நரம்பு முதலா, பொம்மை முதலா என்பதிலேயே ஒரு பொழுது போயிற்று. நல்ல நரம்பைப் புதைத்துவிட்டால் அடுத்த கல்யாணத்தில் எதை வாசிப்பது என்று ஒருவர் கவலைப்பட்டார். அறுந்த நரம்பும் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. கடைசியில் கழுதை. குயவர்கள் டெம்போ வாங்கிய பிறகு ஊரில் மிச்சமிருந்தது ஒரே கழுதை. அது சவாய் சிங்குடையது.



"கேட்டா குடுத்துடுவாரு," என்றார் டோலக் வாசிக்கும் ஈசாக் கான். எதைப் பற்றியும் அவருக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. "பாட்டுக்காரன் கேட்டு ராஜபுத்திரன் இல்லேன்னு சொன்னா பரம்பரைக்கே கேவலம். மண்ணு சுமக்கன்னு சொல்லு."

"எஜமான்கிட்ட நான் பொய் சொன்னதில்ல, சொல்லவும் மாட்டேன்," என்றார் என் கணவர், விலக்கப்போகிற எஜமானைப் பற்றி.

அப்படியே போய் உண்மையைச் சொல்லிக் கழுதையைக் கேட்டார். நான் பின்னால் நின்றிருந்தேன். சவாய் சிங் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். ஒரு நிமிஷம் அழுதுவிடுவார் என்றுகூட நினைத்தேன்.

"பொம்மைக்கு யாரு தலைப்பாகை?" என்று கேட்டார்.

"என் பழைய துண்டுதான், அன்னதாதா."

"என் தலையில உன் துண்டா?"

உள்ளே போய்த் தன்னுடைய காவித் தலைப்பாகையையே எடுத்து வந்தார். கறுப்பு ஆட்டு மயிரில் மீசை வைக்கும்படியும், நுனியை மேலே முறுக்கும்படியும் சொன்னார். மீசை தொங்கினால் விலக்குக்குத் தான் சம்மதிக்கப்போவதில்லை என்றார்.

மறுநாள் காலை பொம்மையைக் கழுதை வாலில் கயிற்றால் கட்டி அவர் வாசலுக்கே கொண்டுபோனோம். புதைப்பதற்கு முன் யாரை விலக்குகிறோம் என்று உரக்கச் சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கியது. எங்கள் வாயில் எஜமான் பெயர் தனியாக வராது. அப்பா பெயர், அவருக்கு அப்பா பெயர், அவர் வெட்டிய கிணறு, அவருக்கு முந்தியவர் பிடித்த கோட்டை என்று வரிசையாகத்தான் வரும். என் கணவர் "சவாய் சிங்" என்று வாயைத் திறந்தார். கூடவே மொத்தப் பரம்பரையும் கிளம்பிவிட்டது. ஈசாக் கானின் கை தானாக டோலக்கில் விழுந்தது. மற்றவர்கள் பின்பாட்டு எடுத்தார்கள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் எடுத்தேன்.

இதற்கிடையில் கழுதை திரும்பிப் பார்த்தது. பொம்மைக்குள் இருந்தது நல்ல கம்பு வைக்கோல்.

அது கால்களில் ஆரம்பித்தது. சவாய் சிங் பார்த்துவிட்டார். ஆனால் முன்னோர் பெயர் சொல்லப்படும்போது எஜமான் அசையக் கூடாது. கைகூப்பி நின்றபடி, தான் தின்னப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். போரில் வலது கையை இழந்த பாட்டனாரிடம் பாட்டு வந்தபோது பொம்மையின் வலது கையும் போயிற்று. பாட்டு முடிகையில் தலைப்பாகையும் மீசையும் மட்டும் தரையில் கிடந்தன. மீசை மேலே பார்த்துத்தான் இருந்தது.

எஜமானின் கண் கலங்கியிருந்தது. "இதை ஏன் அன்னைக்கே பாடலே?" என்று கேட்டார்.

"பெட்டி எங்க விட்டுது," என்றார் என் கணவர்.

இழுக்காத பொம்மையால் விலக்கு ஆகுமா, தின்றதை இழுத்ததாகக் கணக்கில் எடுக்கலாமா என்று ஆண்கள் வாசலிலேயே வட்டமாக உட்கார்ந்தார்கள். ஈசாக் கானுக்கு இரண்டு அபிப்பிராயங்கள் இருந்தன.

எஜமானின் மனைவி சுகன் கன்வர் திரைக்குப் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டாள். உள்ளே போனேன்.

"தர்யா, ஆயிடுச்சா, இல்லையாடி?"

"பேசிட்டிருக்காங்க, ஹுகும்."

"அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள ஜதனுக்குப் பேரனே பொறந்துடுவான். நீ பாடுவியா, மாட்டியா? முன்கூட்டியே சொல்லிடறேன், கல்யாணத்துக்கும் அந்தப் பெட்டி வருது. மாப்பிள்ளை வீட்டு ஆசை."

எனக்குள் இருந்த கோபம் அப்போதுதான் எழுந்து நின்றது. இவ்வளவு உயரமா என்று எனக்கே ஆச்சரியம்.

"வரட்டும்," என்றேன். "ஆனா ஜதன் படி தாண்டறப்ப நான் தொண்டையைச் செருமினா அது வாயை மூடணும். இல்லேன்னா உங்களை நானே தனியா விலக்கிடுவேன். எனக்குக் கழுதையெல்லாம் வேண்டாம்."

இந்த வீட்டில் நான் இப்படிப் பேசியதே இல்லை.

"நானே வயரைப் புடுங்கிடறேன்," என்றாள் அவள்.

"எந்த வயருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. இருக்கறது எல்லாத்தையும் புடுங்கிடறேன்."