அந்தியூரிலும் இருந்த அறை

அது தொண்ணூற்றிரண்டாம் வருடமா, தொண்ணூற்று மூன்றா என்பது இப்போது சரியாக நினைவில்லை. சித்திரையில் குடிபோனார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை, முதல் மழைக்குப் பிறகுதான் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டையும் கேட்டுக் கேட்டு எது கண்டது, எது கேட்டது என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது. ஆனால் கரும்புக்கடை என்ற பகுதியில் நசுருதீன் கட்டிய வீட்டின் மூன்றாவது அறை அந்தியூரிலும் இருந்தது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. ஒரே மாதிரியான இரண்டு அறைகள் அல்ல. ஒரே அறை, இரண்டு ஊரில்.

நசுருதீன் உக்கடத்தில் போர்வையும் ஜமுக்காளமும் விற்றவர். அவரும் மனைவி தாஜுன்னிசாவும் கோட்டைமேட்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். ஒரே மகள் ஹிபா ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். திங்கட்கிழமை தலை வலிக்கிறது என்றவள் அடுத்த திங்கட்கிழமை இல்லை. அதன் பிறகு அவள் இருந்த வீட்டில் இருக்கவும் முடியவில்லை, அவள் இல்லாத வீட்டுக்குப் போகவும் மனம் வரவில்லை. இரண்டு வருடம் அப்படியே கழிந்தபின், என்றோ வாங்கிப் போட்டிருந்த இடத்தில் சொந்தமாகக் கட்டிவிடலாம் என்று நசுருதீன் சொன்னார். தாஜுன்னிசா வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாதாரண இன்ஜினியர் வேண்டாம், படித்த ஆர்க்கிடெக்டிடமே போங்கள் என்று கடைக்கு வந்த ஒருவர் ஒரு விலாசம் கொடுத்தார். வின்ஸ்டன் என்ற அந்த இளைஞர் மதராசில் படித்துவிட்டு ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு சின்ன மாடியறையில் ஆபீஸ் போட்டிருந்தார். வீடு எத்தனை சதுரம் என்று அவர் கேட்கவில்லை. காலையில் முதலில் யார் எழுவார்கள், சண்டை போட்டால் யார் எந்தப் பக்கம் போவார்கள், மழை பெய்தால் எங்கே நின்று பார்ப்பீர்கள் என்று கேட்டார். பெண் கேட்க வந்தவரைப் போல இருந்தது. பிறகு பென்சிலைச் சீவிக்கொண்டே, "வீட்டுல எத்தனை பேருங்க?" என்றார். "ரெண்டு" என்று நசுருதீனும், "மூணு" என்று தாஜுன்னிசாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். வின்ஸ்டன் பென்சிலைக் கீழே வைத்தார். யாரும் எதையும் திருத்திச் சொல்லவில்லை. நசுருதீன்தான் முதலில் எழுந்து, மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

"அவன் கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்றதுக்கு வீடு கட்டாமயே இருந்துறலாம்" என்று பஸ்ஸில் முணுமுணுத்தார். அடுத்த வாரம் டவுன்ஹால் நடைபாதையில் ஒரு பிளான் புத்தகம் வாங்கி வந்தார். பஞ்சாங்கமும் சமையல் குறிப்பும் விற்கும் கடையில் அதுவும் விற்றது. உள்ளே நூறு வீடுகள், அளவோடு, வாஸ்துப்படி. புத்தகம் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. தாஜுன்னிசா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, மூன்று படுக்கையறை உள்ள ஒன்றில் விரலை வைத்தாள். மூன்றாவது அறை யாருக்கு என்று அதில் எழுதியிருக்கவில்லை. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. நசுருதீன் அந்த விரலைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பக்கத்தை மடித்து வைத்தார்.

நஞ்சப்பன் மேஸ்திரி புத்தகத்தைக் கையில் வாங்கியதும் சிரித்துவிட்டார். "ஏனுங்க பாய், இதுல சாமி ரூமு போட்டிருக்குதுங்க. எடுத்துப்போட்டு கிச்சனைப் பெருசு பண்ணிரலாங்களா?"

"புத்தகத்துல என்ன இருக்கோ அதக் கட்டுங்க மேஸ்திரி. ஒரு அங்குலம் மாத்த வேண்டாம்."

"சாமி ரூமுல நீங்க என்னத்தைங்க வைப்பீங்க?"

"வெங்காயம்" என்றார் நசுருதீன்.

ஒன்றை மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் யார் யார் இருக்கப்போகிறீர்கள் என்ற பேச்சு வரும். அதனால் தேவையில்லாத சாமி அறையும், வேண்டாத இடத்தில் ஜன்னலும், யாரும் நிற்காத ஒரு மூலையில் கை கழுவும் தொட்டியுமாக வீடு எழுந்தது.

குடிபோன மறுநாள் மாலை மூன்றாவது அறையைக் கூட்டப் போன தாஜுன்னிசா, ஒரு சிறுமி சத்தம் போட்டுப் பாடம் படிப்பதைக் கேட்டாள். தாவரங்கள் தமக்கு வேண்டிய உணவைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன என்று குரல் படித்தது. ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் சொல்லி, மூச்சு வாங்கி, அடுத்ததற்குப் போனது. அது ஆறாம் வகுப்புப் பாடம். ஹிபா ஐந்தோடு நின்றிருந்தாள்.

சுவரில் ஓதம் அடிக்கிறது என்று புகார் சொல்வதைப் போலத்தான் நசுருதீன் மேஸ்திரியிடம் போய்ச் சொன்னார். நஞ்சப்பனும் அதை ஓதத்தைப் போலத்தான் எடுத்துக்கொண்டார். "அந்தியூருல ஒரு லாரிக்காரரு ஊடுங்க. இதே புஸ்தகம், இதே பிளானு. அவரு லாரியோட லைன்ல போயிட்டதால மாத்தச் சொல்ல ஆளில்லாம அப்படியே கட்டிப்போட்டனுங்க. நீங்களும் மாத்தக் கூடாதுன்னுட்டீங்க. அச்சு அசலா ஒண்ணா இருந்தா சில ரூமு ஒட்டிக்குமுங்க. மத்தவங்கெல்லாம் படியை அங்க வை, கக்கூசை இங்க வைன்னு எதையாச்சும் மாத்தி தப்பிச்சுக்குவாங்க. சொல்லுங்க, ஜன்னலை ஒரு அடி தள்ளி வெச்சா அறுந்து போயிரும்." நசுருதீன் அதை வீட்டில் வந்து சொன்னார். தாஜுன்னிசா, "ஜன்னல் அங்கயே இருக்கட்டுங்க" என்றாள். அந்தக் குரல் லாரிக்காரர் மகளுடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை அவள் அந்த அறைக்குள் எடுத்துப்போகவில்லை.

ஆட்கள் கடக்க முடியாது. குரல் கடந்தது, வாசனை கடந்தது, சிமென்ட் அலமாரியின் நடுத்தட்டில் வைத்த பொருள் கடந்தது. தாஜுன்னிசா தட்டில் சமோசா வைத்தாள். மறுநாள் தட்டு கழுவி வந்தது, அதில் கடலை உருண்டை இருந்தது. குளிர் காலத்தில் ஒரு போர்வை போனது. வெள்ளிக்கிழமைகளில் அறை முழுக்க கற்பூரம் மணத்தது. நோன்பு மாதத்தில் இங்கிருந்து கஞ்சி வாசனை அங்கே போனது. கலவரத்தில் ஊரடங்கு போட்டுக் கடைகள் அடைத்துக் கிடந்த அந்த டிசம்பரில், கரும்புக்கடையில் எந்த வீட்டிலும் பால் இல்லாதபோது, நடுத்தட்டில் தினமும் ஒரு சொம்பு பால் இருந்தது. யார் யாரிடமும் கேட்கவில்லை.

இதற்கிடையே குரல் ஏழுக்கும் எட்டுக்கும் போயிற்று. பானிபட் போர்கள் வந்தன, வட்டத்தின் பரப்பளவு வந்தது. தாஜுன்னிசா சுவரோரம் உட்கார்ந்து கேட்டாள், கேட்டபடியே அழுதாள். ஒருநாள் தன்னையறியாமல் "ஹிபா" என்று கூப்பிட்டுவிட்டாள். பாடம் நின்றது. கொஞ்சம் கழித்து, "என்னம்மா" என்றது அறை. அன்றிலிருந்து தினமும் கூப்பிட்டாள். தினமும் பதில் வந்தது. நசுருதீன் அந்த அறைப்பக்கம் போய் அவள் பார்த்ததில்லை. ரெண்டு என்று சொன்ன மனிதர் வேறு என்ன செய்வார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பில் அவர்களுக்குள் பேச்சு உப்பு, பருப்பு, கரண்ட் பில் என்று குறைந்துபோயிற்று.

பிளஸ் டூ வருடம் பொங்கல் கழிந்து ஒருநாள் குரல் நின்றது. கூப்பிட்டாலும் பதில் இல்லை. அலமாரியில் வைத்த முறுக்கு நமத்துப் போய் அங்கேயே இருந்தது. ஒரு வாரம் பொறுத்த தாஜுன்னிசா, மேஸ்திரியிடம் விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டு காந்திபுரத்தில் பஸ் ஏறினாள்.

அந்தியூரில் வீட்டை யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. தூரத்திலேயே தெரிந்தது, தன் வீடு, வாசலில் மாடு கட்டி. துணி துவைத்துக்கொண்டிருந்த லாரிக்காரர் மனைவி ராசாத்தாள் ஈரக்கையோடு நிமிர்ந்து, முக்காட்டைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "வாங்கம்மிணி. ஊடு தெரியாதவங்களாட்ட வாசல்ல நிக்கறீங்க? தண்ணிக் கொடம் எங்கிருக்கும்னு எனக்கு முன்னால உங்களுக்குத் தெரியுமே! கஞ்சி வாசம் வந்தா எங்கூட்டுக்காரரு, பாயூட்ல நோம்பு வெச்சுட்டாங்கம்பாரு. எனக்கு நாக்குல தண்ணி ஊறும்."

உட்காரவைத்து அரிசிம்பருப்புச் சோறு போட்டாள். நெய்யை ஊற்றிக்கொண்டே, மகள் மாட்டுக் கொட்டாயில் உட்கார்ந்து படிப்பதாகவும், அரைப்பரீட்சையில் இரண்டு பாடம் போய்விட்டதாகவும் சொன்னாள். அதற்கு மேல் சொல்லாமல் நெய்க் கிண்ணத்தைப் பார்த்தாள். அப்போது ராமாமணி உள்ளே வந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்த பெண், பெரிய நெற்றி, கையில் இயற்பியல் புத்தகம். ஹிபாவின் சாயல் ஒரு துளியும் இல்லை.

"ரூமுல ஏன் கண்ணு படிக்க மாட்டேங்கற?" என்று தாஜுன்னிசா கேட்டாள். அந்தப் பெண் தன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீங்க அழுவறது கேக்குமுங்க, பாயம்மா. சின்னதுலருந்தே கேக்கும். அப்பல்லாம் ஹிபான்னு நீங்க கூப்பிட்டா என்னம்மான்னுருவேன். உடனே அழுகை நின்னுருமுங்க. இப்ப நிக்க மாட்டேங்குது. நான் என்னம்மான்னா இன்னும் ஜாஸ்தியா அழுவறீங்க."

"ஏ, சும்மா இரு அம்மிணி" என்றாள் ராசாத்தாள்.

தாஜுன்னிசா சோற்றில் கை வைத்தபடி இருந்தாள். அது உண்மைதான். ஒரு வருடமாக அந்தக் குரல் பெரிய பெண்ணின் குரலாகியிருந்தது. ஹிபாவுக்கு அப்படி ஒரு குரல் வந்திருக்குமா என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. முடியாததனால்தான் அழுதாள்.

"நாங்க எதையும் மாத்த மாட்டமுங்க" என்றாள் ராசாத்தாள். "ஜன்னலைத் தொடாதே, அவங்க மனசு நோவுமுன்னு இவங்கப்பா சொல்லிப்போட்டாரு. இவ கொட்டாயிலயே படிச்சுக்கட்டும். மாடு ஒண்ணுஞ் சொல்லாது."

கை கழுவிவிட்டு அந்த அறையை ஒரு தரம் பார்க்கலாமா என்று தாஜுன்னிசா கேட்டாள். ராமாமணி கூட்டிப்போனாள். அதே ஜன்னல், அதே அலமாரி. மேலே தன் வீட்டு மின்விசிறி கிரீச்சிடும் சத்தம் கேட்டது. அதன் கீழே ஒரு இருமல். ராமாமணி குரலைத் தாழ்த்தி, "அவரு வந்துட்டாருங்க" என்றாள். "மத்தியானம் நீங்க தூங்கறப்ப வருவாரு. அவரு அழுவ மாட்டாருங்க. சும்மா உக்காந்திருப்பாரு. போறப்ப மட்டும் ஒருக்கா கூப்பிடுவாரு." தாஜுன்னிசா நின்றாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு நாற்காலி நகர்ந்தது. "ஹிபா" என்றார் நசுருதீன், கடையில் உதவியாளைக் கூப்பிடுவதைப்போல, பதில் வேண்டாதவராக. பாய் வீட்டுப் பிள்ளைகள் அப்பாவைக் கூப்பிடுவதைப் போல "அத்தா" என்று ராமாமணி சொல்லி முடிக்கும் வரை தாஜுன்னிசா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். ஏங்க என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும். சொல்லவில்லை.

வீடு திரும்பியவள், அந்தியூரில் அவர் குரலைக் கேட்டதைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பரீட்சை வருகிறது, வீட்டை மாற்றிவிடலாம் என்றாள். நசுருதீன் அவள் முகத்தைப் பார்த்தார். "மேஸ்திரியை வரச் சொல்றேன். ஜன்னலை ஒரு அடி தள்ளிட்டாப் போதும்" என்றார். அவள் தலையசைத்தாள். "ஜன்னலைத் தள்ளினா ரூமு இங்கயேதான் இருக்கும், வெறுமனே. அந்தத் தம்பிகிட்டயே போவோம்." மறுநாள் கடை அடைத்திருந்தது. வின்ஸ்டனின் மாடியறையில் இந்த முறை அவர் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தாஜுன்னிசாவே சொன்னாள், திங்கட்கிழமைத் தலைவலியிலிருந்து ஆரம்பித்து. அவள் நிறுத்திய இடத்தில் நசுருதீன் தொடர்ந்தார். அந்த ஒன்பது பத்து வருடத்தில் அவர்கள் அதைப் பற்றி ஒருவர் முன்னால் ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை. டீ ஆறிப்போயிற்று. வின்ஸ்டன் அன்றைக்கு ஒரு கோடுகூடப் போடவில்லை.

அவர் பிறகு வரைந்து கொடுத்தபடி, மாசியில் நஞ்சப்பன் மூன்றாவது அறையின் சுவரை இடித்தார். முதல் செங்கல் விழுந்தபோது, உள்ளேயிருந்து யாரோ "என்னம்மா" என்றதாக மேஸ்திரி சொன்னார். இரண்டாவதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

ராமாமணி எல்லாப் பாடத்திலும் தேறி, ஈரோட்டில் நர்சிங் படித்தாள். முதல் மாதம் முழுக்க ஹாஸ்டல் அறையில் அந்தச் சத்தமில்லாததால் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பிறகு அன்னூரில் யாரோ அதே பிளானை மாற்றாமல் கட்டிக் குடிபோனார்கள். இப்போது அந்தியூர் அறையில் ஒரு கைக்குழந்தை அழுகிறது. அன்னூரில் பார்த்துக்கொள்வார்கள் என்று ராசாத்தாள் எழுந்து போவதில்லை, அது பசி அழுகைதானா என்று மட்டும் காதுகொடுப்பாள். வின்ஸ்டனுக்கு ஆர்க்கிடெக்ட் தொழிலில் வரும்படி போதாமல், அவரே ஒரு பிளான் புத்தகம் போட்டார். ஒவ்வொரு பிளானிலும் ஒரு சுவரை மட்டும், கட்டுகிறவர்களே யோசித்துப் போடட்டும் என்று வரையாமல் விட்டிருந்தார். அதனால் அது அதிகம் விற்கவில்லை. நஞ்சப்பன் முட்டிவலி வந்து கொத்து வேலையை விட்டார். நசுருதீன் மத்தியானங்களில் கடையிலேயே இருந்துகொண்டார். தாஜுன்னிசா சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் உக்கடம் குளக்கரைக்கு நடந்துபோய், ஆள் இல்லாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தாள். அங்கே அழுதால் எந்த ஊரிலும், எந்த வீட்டிலும் கேட்காது.